தெரிந்திருந்தும் சொல்லாமல் போவது ஏன்? குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி முடிந்த பிறகு நடப்பது

அமெரிக்காவில் குழந்தைகளை அன்றாடம் பார்க்கும் மருத்துவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2008-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்தது. காயத்தோடு ஒரு குழந்தை வந்தால், அதை யாராவது வேண்டுமென்றே ஏற்படுத்தியிருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மருத்துவர் ஒரு தாளில் குறிக்க வேண்டும். புகார் கொடுத்தாரா இல்லையா என்பதையும் எழுத வேண்டும். 'இருக்கலாம்' என்று அவர்கள் குறித்த காயங்களில் 76 சதவீதம் புகாராகப் போகவில்லை. அதைக்கூடப் புரிந்துகொள்ளலாம். 'பெரும்பாலும் துன்புறுத்தல்தான்' என்று தங்கள் கையாலேயே குறித்தவற்றிலும் 27 சதவீதம் புகாராகப் போகவில்லை. அங்கேதான் இடிக்கிறது.

விஷயம் தெரியாதவர்கள் என்று இவர்களைச் சொல்லிவிட முடியாது. டென்வரைச் சேர்ந்த குழந்தைநல மருத்துவர் ஹென்றி கெம்ப், அடித்துத் துன்புறுத்தப்படும் குழந்தைகளைப் பற்றித் தன் சகாக்களோடு எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1962-ல் வெளியானது. ஐந்தே ஆண்டுகளில் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும் ஏதோ ஒரு வடிவில் புகாரளிப்பதைச் சட்டமாக்கிவிட்டன. ஆக, அந்த மருத்துவர்கள் தாளில் குறித்துக்கொண்டிருந்தபோது சட்டத்துக்கு நாற்பது வயது. பிறகு ஏன்? குடும்பம் ஏற்கெனவே பழக்கமானது, பெற்றோர் சொன்ன கதை ஓரளவு பொருந்தியது, முன்பு புகார் கொடுத்தபோது கிடைத்த அனுபவம் சரியில்லை. இப்படிப்பட்டவைதான் காரணங்களாக வந்தன. பயிற்சி வகுப்பில் இவற்றுக்கெல்லாம் பெரும்பாலும் ஸ்லைடு கிடையாது.

எங்காவது ஒரு குழந்தைக்குக் கொடுமை நடந்து செய்தியானதும் முதலில் வரும் அறிவிப்பு 'அனைவருக்கும் பயிற்சி' என்பதுதான். ஒரு நாள், சில நேரம் அரை நாள். துன்புறுத்தலின் வகைகள், உடலிலும் நடத்தையிலும் தெரியும் அறிகுறிகள், சட்டப் பிரிவுகள், அழைக்க வேண்டிய எண். கடைசியில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு, சான்றிதழ், குழுப் படம். தேர்வில் எல்லோரும் நன்றாகத்தான் எழுதுகிறார்கள். புகாரளித்தலை மேம்படுத்தத் தொழில்முறையினருக்குத் தரப்படும் பயிற்சிகளைப் பற்றிக் கிடைத்த ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2022-ல் தொகுத்துப் பார்த்தது. கணக்கில் எடுத்துக்கொள்ளும் தரத்தில் கிடைத்தவை 11 ஆய்வுகள் மட்டுமே. அவற்றிலும் பெரும்பகுதி அளந்தது கேள்வித்தாள் விடைகளையும், கற்பனைச் சூழலைக் கொடுத்து 'நீங்கள் என்ன செய்வீர்கள்' என்று கேட்டதற்கான பதில்களையும்தான். உண்மையான வேலையில் உண்மையான புகார்கள் கூடினவா, அவை சரியானவையா என்பதற்கான சான்று மிகப் பலவீனம். உலகம் முழுக்க இவ்வளவு காலமாக நடக்கும் ஒரு பயிற்சிக்கு இது கொஞ்சம் வெட்கக்கேடான நிலைமை.

இதை வைத்துப் பயிற்சியே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பயிற்சி கண்ணைத் திறக்கிறது. கண்ணில் பட்டதைக் கொண்டுபோய் ஓரிடத்தில் சொல்வதற்குப் பயிற்சியைத் தாண்டி வேறு சில ஏற்பாடுகள் வேண்டும். அவை இல்லாத இடத்தில் மேலும் மேலும் பயிற்சி கொடுப்பது, பிறகு 'உங்களுக்குத்தான் சொல்லிக்கொடுத்தோமே' என்று பழியை ஊழியர் தலையில் கட்ட மட்டுமே உதவுகிறது.

சந்தேகமா, ஆதாரமா

வகுப்பில் காட்டப்படும் படங்கள் தெளிவானவை. பெல்ட்டின் தடம், சிகரெட் சூடு. வேலையில் கண்ணில் படுவது அப்படி இருப்பதில்லை. ஓடியாடும் ஆறு வயதுப் பிள்ளையின் முட்டியில் ஒரு காயம் இருந்தால் அதில் என்ன இருக்கிறது? அதே பிள்ளை இரண்டு வாரமாக யாரோடும் பேசாமல் இருந்தால்? வீட்டில் புதிதாக ஒருவர் குடிவந்திருக்கிறார் என்று யாரோ போகிற போக்கில் சொன்னால்? ஒவ்வொன்றுக்கும் சாதாரணமான விளக்கம் உண்டு. மூன்றும் சேர்ந்தால்கூட உண்டு.

பெரும்பாலான சட்டங்கள் கேட்பது நியாயமான சந்தேகத்தை மட்டுமே. ஆதாரம் தேடுவது விசாரிப்பவர் வேலை. ஆனால் மனித மனம் அப்படி இயங்குவதில்லை. ஒரு குடும்பத்தை நோக்கி விரல் நீட்டுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் சந்தேகம் வந்ததும் பலர் செய்வது இன்னொரு அறிகுறிக்காகக் காத்திருப்பது. 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்.' இந்த வாசகம் சொல்லப்படாத அலுவலகமே இருக்காது.

காத்திருப்பதால் ஆதாரம் வந்து சேர்ந்துவிடும் என்பதும் இல்லை. பாலியல் துன்புறுத்தல் சந்தேகத்தில் பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட 2,384 குழந்தைகளைப் பற்றிய 2002-ம் ஆண்டு ஆய்வில், ஏறத்தாழ 96 சதவீதத்தினரின் உடல் பரிசோதனை இயல்பாகவே இருந்தது. 'மருத்துவர் பார்த்துவிட்டார், ஒன்றுமில்லை' என்ற வரியை வைத்துக் கோப்பை மூடுகிறவர்கள் இந்த எண்ணை அறிந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் உருப்படியாக உதவிய ஒரு கருவி உண்டு. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் மேரி கிளைட் பியர்ஸும் சகாக்களும் 2010-ல் வெளியிட்ட, மருத்துவர்கள் 'டென் ஃபோர்' என்று அழைக்கும் எளிய விதி. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மார்பு, வயிறு, முதுகு போன்ற உடற்பகுதியிலோ காதிலோ கழுத்திலோ ரத்தக்கட்டு இருந்தாலும், நான்கு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு உடலில் எங்கே ரத்தக்கட்டு இருந்தாலும், அதை விபத்து என்று எடுத்த எடுப்பில் விட்டுவிடக் கூடாது. 2021-ல் இன்னும் சில இடங்களைச் சேர்த்து இதை விரிவாக்கினார்கள். தவழவே தொடங்காத குழந்தை தானாக மோதிக்கொண்டு ரத்தக்கட்டு வாங்குவது அரிது என்பதுதான் இதன் அடிப்படை. 'இந்தத் தாயைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே' என்ற எண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு, காயம் எங்கே, வயது என்ன என்று மட்டும் இந்த விதி பார்க்கச் சொல்கிறது. ரத்தக்கட்டுக்கு இப்படி ஒரு விதி கிடைத்துவிட்டது. அவமானப்படுத்தப்படும் குழந்தைக்கும், கவனிப்பாரற்றுக் கிடக்கும் குழந்தைக்கும் இப்படி எதுவும் கிடைக்கவில்லை.

கவனிப்பின்மையைச் சொன்னதால் ஒரு வார்த்தை. அங்கே 'சம்பவம்' என்று ஒன்று நடப்பதே இல்லை. அழுக்கு உடை, தவறிய தடுப்பூசி, பசி, வராமல் போன நாட்கள் என்று எல்லாம் மெதுவாக நடக்கிறது. தினமும் பார்ப்பவர்களுக்குக் கண் பழகிவிடுகிறது. புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் 'என்ன இது?' என்று கேட்டால், 'அந்த வீடே அப்படித்தான்' என்று பதில் வருகிறது.

குழந்தை வாயைத் திறக்கும்போது

பயிற்சிக்கும் நடைமுறைக்கும் உள்ள தூரத்தைத் துல்லியமாக அளந்து பார்த்த ஒரு துறை உண்டு: குழந்தையிடம் நடந்ததைக் கேட்டறியும் நேர்காணல். அளக்க முடிந்ததற்குக் காரணம் எளிது. நேர்காணல்கள் பதிவாகின்றன; யார் என்ன கேட்டார் என்பதை எழுத்துக்கு எழுத்து எடுத்துப் பார்க்கலாம்.

பள்ளியில் இருந்தவர்களே பிள்ளைகளைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார்கள் என்ற கலிபோர்னியாவின் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு 1983-ல் தொடங்கி 1990 வரை இழுத்தது. நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம், விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டிருந்தார்கள். மற்ற பிள்ளைகள் எல்லாம் சொல்லிவிட்டார்கள் என்றார்கள், சொன்னால் பாராட்டினார்கள். கடைசியில் ஒருவருக்கும் தண்டனை இல்லை. உண்மையில் ஏதாவது நடந்ததா என்பதைக்கூட அந்தக் கேள்விகளுக்குப் பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியவில்லை. அதன் பிறகுதான் எப்படிக் கேட்க வேண்டும் என்ற ஆராய்ச்சி சூடுபிடித்தது.

விதி சொல்வதற்குச் சுலபம். 'அவர் உன்னை இங்கே தொட்டாரா?' என்று கேட்காதே. 'என்ன நடந்ததுன்னு முதல்ல இருந்து சொல்லு' என்று கேள். குழந்தை நிறுத்தினால், 'அப்புறம்?' என்று கேள். பிறகு பேசாமல் இரு. இந்தக் கடைசிப் பகுதிதான் கஷ்டம். குழந்தை மௌனமாக விரலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளைப் பெரியவர்களால் தாங்க முடிவதில்லை. உதவி செய்கிற எண்ணத்தில்தான் வாயைத் திறக்கிறார்கள்: 'பயப்படாதே, அப்பாதானே அடிச்சாரு?' முடிந்தது. இனி குழந்தை ஆமாம் என்றாலும் அதற்கு மதிப்பில்லை, இல்லை என்றாலும் நம்ப முடியாது.

மைக்கேல் லாம் என்ற உளவியலாளரும் சகாக்களும் அனுபவமுள்ள விசாரணையாளர்களிடம் இதைச் சோதித்தார்கள். வழக்கமான பயிலரங்குகளுக்குப் பிறகு அவர்களுக்கு விதிகள் தெரிந்திருந்தன, ஏன் என்றும் சொல்ல முடிந்தது. ஆனால் உண்மையான நேர்காணலில் பழையபடியே கேட்டார்கள். நல்ல மாற்றம் எப்போது வந்தது என்றால், படிப்படியாக என்ன கேட்க வேண்டும் என்ற எழுதிய நெறிமுறை கையில் இருந்து, ஒவ்வொரு நேர்காணலின் பதிவையும் ஒரு வல்லுநர் உடன் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்துக் கருத்துச் சொன்னபோது. பிறகு அந்த மேற்பார்வையை நிறுத்தினார்கள். சில மாதங்களிலேயே திறந்த கேள்விகள் குறைந்தன, விடையைத் திணிக்கும் கேள்விகள் திரும்பி வந்தன. 2002-ல் வெளியான முடிவு இது.

இந்த முடிவை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வதுண்டு. இதே வேலையில் ஊறியவர்கள், விருப்பத்தோடு கற்றவர்கள், மாதக்கணக்கில் நன்றாகச் செய்து காட்டியவர்கள். அவர்களுக்கே பிடி நழுவுகிறது என்றால், ஆண்டுக்கு ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்த ஆசிரியரிடமும் செவிலியரிடமும் எதை எதிர்பார்க்கிறோம்? கற்றதை வேலைக்குக் கொண்டுபோவது பற்றி பால்டுவின், ஃபோர்டு இருவரும் 1988-ல் எழுதிய ஆய்வுரை, கற்பவரையும் பயிற்சியின் வடிவத்தையும் சொல்லிவிட்டு, மூன்றாவதாக வேலையிடத்தைச் சொன்னது: மேலாளரின் ஆதரவு, கற்றதைச் செய்து பார்க்கும் வாய்ப்பு. காசு முழுவதும் போவது இரண்டாவதற்கு. மூன்றாவது யாருடைய வரவுசெலவுத் திட்டத்திலும் இல்லை.

ஆசிரியர் போன்றவர்களுக்கு முழு நேர்காணல் செய்யும் வேலை கிடையாது. அது அவர்களுடைய அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது. அவர்களிடம் வருவது வேறு வகைத் தருணம். மேசைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் குழந்தை சொல்லும்: 'ஒண்ணு சொல்றேன், ஆனா யார்கிட்டயும் சொல்லக் கூடாது.' சத்தியம் செய்து கொடுத்தால் நாளைக்கு அதை மீற வேண்டும். மாட்டேன் என்றால் வாய் மூடிக்கொள்ளும். 'நீ சொல்றதை நான் கவனமா கேட்பேன். உன்னைப் பத்திரமா வச்சுக்க வேற ஒருத்தர் உதவி தேவைப்பட்டா அவங்ககிட்ட மட்டும் சொல்வேன், யார்கிட்ட சொல்றேன்னு உனக்கும் சொல்வேன்.' இந்த வாக்கியத்தை வகுப்பில் படித்தால் போதாது. வாய்விட்டுச் சொல்லிப் பழகியிருந்தால்தான் அந்த நேரத்தில் நாக்கில் வரும். பல பயிற்சிகளில் இப்படி நடித்துப் பார்க்கும் பகுதிதான் நேரமில்லை என்று முதலில் வெட்டப்படுகிறது.

எத்தனை பேர் சொல்ல வராமலே போகிறார்கள் என்பதும் தனிக் கதை. நிறுவனங்களில் நடந்த சிறார் பாலியல் கொடுமைகளை விசாரித்து 2017 டிசம்பரில் அறிக்கை தந்த ஆஸ்திரேலிய அரச ஆணையத்தின் முன் தனிப்பட்ட முறையில் பேசியவர்கள், நடந்ததை முதன்முதலில் ஒருவரிடம் சொல்ல எடுத்துக்கொண்ட காலம் சராசரியாக ஏறத்தாழ 24 ஆண்டுகள்.

எல்லோரும் பார்த்தார்கள்

லண்டனில் 2000 பிப்ரவரி 25 அன்று விக்டோரியா கிளிம்பியே என்ற, ஐவரி கோஸ்ட்டில் பிறந்த எட்டு வயதுச் சிறுமி இறந்தாள். உடலில் 128 காயங்கள். வளர்க்க அழைத்து வந்த, பாட்டி முறையான உறவினரும் அவருடைய துணைவரும் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. லார்டு லேமிங் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2003 ஜனவரியில் வந்தது. நான்கு உள்ளாட்சிகளின் சமூக சேவைத் துறைகள், இரண்டு மருத்துவமனைகள், காவல்துறையின் இரண்டு குழந்தைப் பாதுகாப்புக் குழுக்கள் என்று பலரும் அவளை அறிந்திருந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள்.

1999 ஜூலையில் முதல் மருத்துவமனையில் பார்த்த மருத்துவர் காயங்களைச் சரியாகவே சந்தேகித்தார். காவல்துறைப் பாதுகாப்பும் கிடைத்தது. அதன் பிறகு பார்த்த மூத்த மருத்துவர், தோலில் இருந்தவை சொறிசிரங்குத் தடங்கள் என்றார். மூத்தவர் சொன்னதும் மற்ற எல்லாச் சந்தேகங்களும் படுத்துவிட்டன. குழந்தை அதே வீட்டுக்குத் திரும்பிப் போனாள். சரியாகப் பார்த்தவருக்கும் முடிவைச் சொன்னவருக்கும் நடுவே இருந்த படிநிலை அங்கே வேலை செய்தது. இளையவர் 'எனக்கு உடன்பாடில்லை' என்று எழுத்தில் பதிவு செய்யவும், அதை வேறொருவர் கட்டாயம் திரும்பப் பார்க்கவும் வழி இல்லாத எந்த நிறுவனத்திலும் இது மறுபடி நடக்கலாம்.

இன்னொன்றும் அந்த அறிக்கையில் வருகிறது. பெரியவர்கள் முன்னால் அந்தச் சிறுமி விறைப்பாக, அசையாமல் நிற்பாள். அது அவர்கள் பண்பாட்டில் பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. அவள் பயந்து நின்றாள். பிற சமூகத்தை மதிக்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி ஒரு பக்கம், குழந்தையின் பயத்தைக் கவனிக்கச் சொல்லும் பயிற்சி மறு பக்கம். இரண்டும் மோதும் இடத்தில் எது மேலே வரும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் டிங்வால், ஈக்கலார், மர்ரே 1983-லேயே எழுதியது இது: குடும்பங்களோடு வேலை செய்பவர்கள், முடிந்தவரை நல்ல விளக்கத்தையே தேர்ந்தெடுக்கும் பழக்கத்துக்கு ஆளாகிறார்கள். கெட்ட எண்ணத்தால் அல்ல. குடும்பத்தோடு உறவு அறுந்தால் உதவியே செய்ய முடியாது என்ற நியாயமான பயத்தால்.

'எத்தனை பேர் பார்த்தும்…' என்று நாம் ஆச்சரியப்படுகிறோம். பலர் பார்த்ததே ஒரு காரணமாக இருக்கலாம். லட்டானே, டார்லி என்ற உளவியலாளர்கள் 1968-ல் செய்த பரிசோதனையில், ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்த அறைக்குள் புகை வந்தபோது 75 சதவீதம் பேர் போய்ச் சொன்னார்கள். புகையைக் கண்டும் கண்டுகொள்ளாமல் நடிக்கும் இருவர் பக்கத்தில் இருந்தபோது 10 சதவீதம் பேர்தான் சொன்னார்கள். பள்ளி ஆசிரியர் அறையிலும் மருத்துவமனை வார்டிலும் நடப்பது இதுவேதான். 'ஆலோசகருக்குத் தெரிந்திருக்கும்.' 'போன வருட வகுப்பாசிரியர் சொல்லியிருப்பார்.' ஒரு நபரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கும் நிறுவனங்கள் இதை ஓரளவு சமாளிக்கின்றன. அந்த நபரே நிர்வாகத்துக்கு வேண்டியவராக இருந்தாலோ, குற்றம் சாட்டப்படுபவர் அதே நிறுவனத்தில் மரியாதைக்குரியவராக இருந்தாலோ, நிலைமை மீண்டும் பழையபடியே. இந்தியாவின் 2012-ம் ஆண்டு போக்சோ சட்டம், 19-ம் பிரிவில் தகவல் தருவதைக் கடமையாக்கி, 21-ம் பிரிவில், தனக்குக் கீழே இருப்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் தண்டனை வைத்திருப்பது இதை மனதில் வைத்துத்தான் இருக்க வேண்டும்.

அறிக்கைகளில் அடிக்கடி வரும் இன்னொரு ஓட்டை பதிவு. 'மாணவன் சோர்வாக இருந்தான், விசாரித்தோம், பிரச்சினை இல்லை.' ஆறு மாதம் கழித்து இதை வைத்து ஒருவராலும் எதையும் செய்ய முடியாது. இப்படி இருந்திருக்கலாம்: 'காலை 9.10. இடது காதுக்குப் பின்னால் கட்டைவிரல் நகம் அளவு ரத்தக்கட்டு. எப்படி வந்தது என்றதற்கு "விழுந்துட்டேன்" என்றான். எங்கே என்றதற்குப் பதில் இல்லை. பேசும்போது கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.' தன் கருத்து எதுவும் இல்லை, கண்டதும் கேட்டதும் மட்டும். எழுத மூன்று நிமிடம். ஆனால் அந்த மூன்று நிமிடம் அவருடைய கால அட்டவணையில் எங்கே இருக்கிறது என்று நிர்வாகம் யோசிப்பதில்லை. போதாக்குறைக்கு, ஒவ்வொரு சோகத்துக்குப் பிறகும் நிரப்ப வேண்டிய படிவங்கள் கூடுகின்றன. இங்கிலாந்தின் குழந்தைப் பாதுகாப்பை ஆராய்ந்து ஐலீன் மன்ரோ 2011-ல் தந்த அறிக்கை சுட்டிக்காட்டிய முக்கியக் குறையே இதுதான்: விதிகளும் படிவங்களும் பெருகி, குழந்தையோடு செலவிட வேண்டிய நேரத்தைத் தின்றுவிட்டன.

புகாருக்குப் பிறகு

புகார் கொடுத்தவருக்கு என்ன நடந்தது என்று தெரிவதே இல்லை. ரகசியம் காக்க வேண்டும் என்பது சரி. ஆனால் ஒரு செவிலியர் இரவெல்லாம் யோசித்து, கை நடுங்க எண்ணை அழுத்தி, எல்லாம் சொல்லிவிட்டு வைக்கிறார். அதோடு மௌனம். அடுத்த வாரம் அதே குழந்தை அதே வீட்டிலிருந்து வருகிறது. குடும்பத்துக்கு யார் சொன்னது என்று தெரிந்துவிட்டது. குழந்தை முன்பைவிட அமைதியாகிவிட்டது. இந்த ஒரு அனுபவம் போதும், அடுத்த சந்தேகத்தில் அவர் 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்பார். 2008 ஆய்வில் மருத்துவர்கள் சொன்ன பழைய அனுபவம் என்பதற்கு இது ஒரு வடிவம்.

குழந்தைகளின் துயரத்தைக் கேட்டுக் கேட்டு மனம் களைத்துப்போவதும் நடக்கிறது. தினமும் பிறர் வலியைச் சுமப்பவர்களுக்குத் தூக்கம் கெடுவது, உணர்ச்சி மரத்துப்போவது எல்லாம் நன்கு அறியப்பட்டவை. குழந்தையின் முகத்தை நேராகப் பார்ப்பதைத் தன்னையறியாமல் தவிர்க்கத் தொடங்கும் ஊழியரிடம் அறிகுறிப் பட்டியலை மறுபடி கொடுத்துப் பயனில்லை. வாரம் ஒரு முறை, தவறாமல், மூத்த ஒருவரோடு உட்கார்ந்து 'இந்தக் குழந்தையைப் பற்றி எனக்கு ஏதோ உறுத்துகிறது, சொல்லத் தெரியவில்லை' என்று பேச அவருக்கு ஒரு மணி நேரம் வேண்டும். அந்த மணி நேரம் வேலை மதிப்பீடாக மாறக் கூடாது. மாறினால் யாரும் உறுத்தலைச் சொல்ல மாட்டார்கள். முடித்த வேலையை மட்டும் சொல்வார்கள்.

பெயர் சொல்லாமல் ஆலோசனை கேட்கும் வசதியும் இதே அளவு முக்கியம். 'இது புகார் அல்ல, இப்படி ஒன்றைப் பார்த்தேன், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்' என்று துறை வல்லுநர் ஒருவரிடம் கேட்க முடிந்தால், சந்தேகத்துக்கும் ஆதாரத்துக்கும் நடுவில் தனியாக மாட்டிக்கொள்ளும் நிலை குறையும். புகார் கொடுத்தவருக்கு வழக்கு விவரம் எதையும் சொல்லாமலே மூன்று செய்திகளைத் தெரிவிக்கலாம்: புகார் வந்து சேர்ந்தது, இன்னாரிடம் ஒப்படைக்கப்பட்டது, குழந்தையை இந்தத் தேதியில் ஒருவர் தனியாகச் சந்தித்தார். மூன்றாவது செய்தி குறித்த நாளில் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்ற எண்ணும் முதல் செய்தியிலேயே இருக்க வேண்டும்.